தேறுமா?

பழைய அம்பாசடரைக் காட்டி "அண்ணாச்சி, இது தேறுமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மட்காட்டில் விழுந்த ஓட்டையைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முன் மட்காடு போல்ட்டில் நிற்பது. கழற்றி, கெட்டதை வெட்டிவிட்டு, 20 கேஜ் தகடு வைத்து கேஸ் வெல்டிங் அடித்தால் தீர்ந்தது. நான் முதலில் கேட்பது, வண்டி இத்தனை வருஷம் எந்தத் தரையில் நின்றது என்பதை.

கயத்தாறு வட்டாரத்தில் காற்று காய்ந்த காற்று. ஆனி ஆடியில் காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தில் வெளித் தகரத்தில் ஈரம் தங்காது. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்றில் கிடந்த வண்டியில் கூரை ஓரமும் கண்ணாடி ரப்பருக்குக் கீழேயும் பொரிந்து போயிருக்கும். நம் பக்கத்து வண்டியில் பெயிண்ட் வெளுத்திருக்குமே தவிர தகரம் கெட்டியாக இருக்கும். அதை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுப் பாதையில் ஓடிய வண்டியின் அடியில் கரிசல் அப்பிக்கொள்ளும். அதை யாரும் நோண்டி எடுப்பதில்லை. கோடையில் இறுகிக் கிடக்கும். அடுத்த மழைக்கு மறுபடி தண்ணீர் குடித்து ஊதும். வெளியே கை வைக்க முடியாமல் தகரம் சுடும்போதும் உள்ளே அந்த மண்கட்டி ஈரத்தை லேசில் விடாது. துரு உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அம்பாசடருக்குத் தனி சேஸ் கிடையாது என்பதால்தான் இவ்வளவு பயம். இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரிஸை வைத்து 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி இது. பாடிதான் பாரம் தாங்குகிறது. நம் சென்னையில், வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு கதை. அதில் பாடியைத் தனியே தூக்கி வைத்துவிட்டு சேஸைத் தனியாகப் பார்க்கலாம். தகரம் சல்லடையாகப் போன ஹெரால்டைக்கூட, சேஸ் நன்றாக இருந்தால், கைவிட எனக்கு மனசு வராது.

கடம்பூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேப்பமரத்தடியில் டயர் மண்ணில் புதைய ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றது. தகப்பனார் ஓட்டிய வண்டியாம். மகன் விற்கவும் மனசில்லாமல், வைத்திருக்கவும் தெரியாமல் கூப்பிட்டிருந்தார். துணி சுற்றிய காந்தத்தைக் கதவடியில் ஓட்டினேன். ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டவே இல்லை. பட்டி. திருப்புளிக் கட்டையால் தட்டினால், நல்ல தகரம் 'டங்' என்றது, அந்த இடம் 'தொப்'பென்றது. உள்ளே கால்மிதியைத் தூக்கினேன். டிரைவர் காலடியில் தரையே தெரிந்தது. மகன் முகம் செத்துப்போயிற்று.

"தரைத் தகடு போடுறது பெரிய வேலையில்ல தம்பி" என்று சொல்லிவிட்டுக் கீழே படுத்தேன். முன் சக்கரத்து டார்ஷன் பார் பின்னால் வந்து பிடிக்கிற குறுக்குச் சட்டம்தான் எனக்குத் தீர்ப்பு. அதில் அப்பிய கரிசலைச் சுரண்டி, திருப்புளி முனையை அழுத்திக் குத்திப் பார்த்தேன். ஏறவில்லை. பிறகு கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டில் ஜாக்கி கொடுத்து மெல்ல ஏற்றினேன். இடது பக்கம் கதவு பழையபடி பூட்டியது. வலது பக்கம் மேல் மூலை தூணில் உரசியது. ரன்னிங் போர்டு செத்துவிட்டது. அதைப் புதிதாகச் செய்யலாம். ஆனால் அறுப்பதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் பாடி தொய்ந்து, அப்புறம் எந்தக் கதவும் பூட்டாது.

திருப்புளி உள்ளே இறங்கியிருந்தால் வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட வண்டியின் கதவும் கண்ணாடியும் 1489 சிசி இஞ்சினும் இன்னொரு வண்டியைப் பிழைக்க வைக்கும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. குறுக்குச் சட்டம் போன வண்டிக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்து ஒரு குடும்பத்தை ஏற்றி அனுப்புவதுதான் பாவம்.

இஞ்சினைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அந்த இஞ்சினைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கவலை காகிதத்தில். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'விஏ' எழுத்தோடு விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் மூல வடிவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது, தினசரி ஓட்டத்துக்கும் எடுக்கக் கூடாது. தகப்பனார் வண்டியில் கோவில்பட்டிக்குப் போய்வர ஆசைப்படுகிறவருக்கு அது உதவாது; சாதாரணப் பதிவைத்தான் புதுப்பிக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே துடைத்துப் பார்த்தோம். ஒத்துப்போயிற்று. புக் இன்னும் தகப்பனார் பெயரில். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள், அதுவரை டயருக்குக் கீழே நாலு கல் வைத்து வண்டியை மண்ணிலிருந்து தூக்கி நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.