இழந்ததும் ஈந்ததும்



1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு வெளியேறினர். கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்த அப்பெருங்கூட்டத்தில், பதினைந்து வயதுச் சிறுவனாக நானும் நடந்தேன். தந்தையார் துவிச்சக்கரவண்டியில் அரிசி மூட்டையொன்றையும் பாயையும் மட்டுமே கட்டியிருந்தார். ஆயுளெல்லாம் அவர் சேர்த்த நூல்கள் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. பின்னர் வன்னியில் ஆசிரியனானேன். 2009இல் அங்கிருந்த சிறு உடைமைகளும் போயின.

உடைமைகள் போனால் மனம் இலேசாகும் என்பர். என் அனுபவம் அதுவன்று. பறிகொடுத்தவனிடம் அச்சமே மிஞ்சுகிறது. பலெர்மோவுக்கு வந்து, சீசா அரண்மனைக்கு அண்மையில் குடியேறிய பின், அவ்வச்சம் என்னைப் பொருள் சேர்ப்பவனாக்கிற்று. வாரநாட்களில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பணி. வார இறுதியில் உணவகத்தில் வேலை. ஊரில் என்றோ கட்டப்போகும் வீட்டிற்கெனப் பீங்கான் கோப்பைகளையும் போர்வைகளையும் வாங்கி, கட்டிலின் கீழே பெட்டி பெட்டியாக அடுக்கினேன். எட்டு வயது மகளோ தன் பெயரைத் தமிழில் எழுத அறியாதிருந்தாள். நான் ஆசிரியன்!

2023 ஜனவரி 12ஆம் நாள் அம்முதியவர் தொலைக்காட்சியின் முன் கண்ணீர் உகுத்தார். காரணம் வினவினேன். பியாஜோ கொந்தே மறைந்துவிட்டார் என்றார். இந்நகரில் 1963இல் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். 1990இல் அனைத்தையும் விட்டு மலைகளிலே தனித்து வாழ்ந்தார். அசிசி நகர்வரை நடந்தே சென்றார். மீண்டு வந்து, புகையிரத நிலையத்தில் உறங்கிய வீடற்றோருடன் தாமும் தங்கினார். 1993இல் அவர் தொடங்கிய இல்லம் வறியோருக்கும் வேற்றுநாட்டவருக்கும் புகலிடமாயிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவரிடமிருந்து எவரும் எதனையும் பறிக்கவில்லை; அவரே கொடுத்தார். இழத்தல் வேறு, ஈதல் வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று. எனினும் நான் இல்லறத்தான். மலைக்குச் செல்ல இயலாது. வள்ளுவரும் துறவைத் துறவறவியலில் வைத்து, ஈகையை இல்லறவியலில் அன்றோ வைத்தார்!

பெட்டிகளை அவிழ்த்தேன். புதிதாக வந்திருந்த இரு குடும்பங்களுக்குக் கோப்பைகளும் போர்வைகளும் பயன்பட்டன. சனிக்கிழமை வேலையை விட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு இப்பள்ளிக்கு வந்தேன். வருமானம் குறைந்தது. வாடகை நாள் நெருங்கினால் இன்றும் விரல்விட்டுக் கணக்குப் பார்க்கிறேன். ஆயினும் வாழ்வில் முதன்முறையாக, என் கையை விட்டுப் போனவற்றை நானே கொடுத்திருந்தேன். பல்லாண்டு என்னுடன் உறங்கி எழுந்த அச்சம் அதன்பின் மெல்லத் தணிந்தது.

பெற்றோர்களே, உங்கள் கட்டிலின் கீழும் பெட்டிகள் இருக்கலாம். ஒன்றையேனும் அவிழ்த்துப் பாருங்கள். சனிக்கிழமையில் ஒரு மணி நேரத்தையேனும் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள்.

இம்மலரில் ஐந்தாம் வகுப்பு மாணவியர் எழுதிய பக்கமொன்று உள்ளது. அதில் ஒரு கட்டுரை என் மகளுடையது. பெயரையும் அவளே எழுதியிருக்கிறாள்.