கழுவாமல் விட்ட பால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கை அரிப்பு ஒரு பெரிய விஷயமே இல்லை. எண்ணெய், பெயின்ட், தின்னர் என்று எதன் மீதாவது பழியைப் போட்டுவிட்டு மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக்கொள்வோம். புதுவாயலில் குடியிருக்கும் நானும் அப்படித்தான் காலம் தள்ளினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதிய அன்று உதடு தடித்தது, கண் இமை வீங்கியது, நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. களிம்புக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ரத்தப் பரிசோதனையில் லேட்டக்ஸ் அலர்ஜி என்று வந்தது. இயற்கை ரப்பர் பாலில் இருக்கும் புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்து, ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிளவுஸ் போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்து வெடித்தால், பெரும்பாலும் ரப்பரில் சேர்க்கும் தையூரம் போன்ற ரசாயனம்தான் காரணம். அது தொல்லை, அவ்வளவுதான். சில நிமிடங்களிலேயே தடிப்பும் மூச்சிரைப்பும் வந்தால் அது புரதத்தின் வேலை. உயிருக்கே உலை வைக்கும். “வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டா வாய் அரிக்குதா?” என்று கேட்டார். அரிக்கத்தான் செய்தது. ரப்பர் புரதத்தின் சாயலில் அவற்றிலும் புரதங்கள் உண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தினமும் ரப்பர் டயரில்தான் வேலைக்குப் போகிறேன். பஞ்சர் ஒட்டும்போது டயரைக் கையால் தொடுகிறேன். அது ஏன் என்னை ஒன்றும் செய்வதில்லை?

கவரைப்பேட்டையில் புறநகர் ரயில் ஏறினால் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டித் திருவொற்றியூர். 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1949 வாக்கில் ரப்பர் பொம்மை, தொழிற்சாலைக் கையுறை, ஆணுறை எல்லாம் சேர்ந்துகொண்டன. 1952-ல் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப்., வளர்ந்த கதை இது. எனக்கு ஆகாத பலூன், கிளவுஸ், என்னை ஒன்றும் செய்யாத டயர், எல்லாமே ஒரே கம்பெனியின் வரலாற்றில் இருந்தன. அப்படியானால் வித்தியாசம் செய்முறையில்தான் இருக்க வேண்டும்.

அதைப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் போனேன். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டும் அண்ணன் ஒருவர், பட்டையில் சரிவாக ஒரு மெல்லிய சீவல் எடுத்தார். கோடு வெளுத்து, பால் வழிந்து, சிரட்டைக்குள் சொட்டியது. நான் எட்டியே நின்றேன். என் கேள்வியைக் கேட்டதும் அவர், “பால் ஷீட்டுக்கா, இல்ல பாலாவே போகுதா? அதக் கேளும் முதல்ல” என்றார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. ஷீட்டுக்கான பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, பிழிந்து, புகை போடுகிறார்கள். புரதத்தில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பதும் டயர் அச்சின் கடும் சூட்டில் வீரியம் இழக்கிறது. கிளவுஸுக்கும் பலூனுக்கும் பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலந்து, பாலாகவே அனுப்புகிறார்கள். அதில் அச்சை முக்கி எடுத்து, மிதமான சூட்டில் காய வைக்கிறார்கள். வெந்நீரில் எவ்வளவு நேரம் அலசுகிறார்களோ அந்த அளவுக்குத்தான் புரதம் நீங்கும்.

ரப்பர் நம் பக்கம் வந்து வெகுகாலம் ஆகிறது. ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனதும், அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் 1876-ல். ரப்பர் ஒவ்வாமை பற்றி ஜெர்மனியில் 1927-லேயே எழுதியிருக்கிறார்கள். பிறகு ஏறக்குறைய பேச்சே இல்லை. 1979-ல் பிரிட்டனில் வீட்டுக் கையுறை அணிந்த ஒரு பெண்ணுக்கு உடனடித் தடிப்பு வந்ததை நட்டர் என்ற மருத்துவர் பதிவு செய்தார். 1980-களின் கடைசியில்தான் இது வெள்ளமாகப் பெருகியது.

அதற்கு எய்ட்ஸ் ஒரு காரணம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986-ல், நம் சென்னையில். மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. அடுத்த ஆண்டு அமெரிக்கா, எந்த நோயாளியின் ரத்தத்தைத் தொட்டாலும் கையுறை வேண்டும் என்றது. உலகமே கிளவுஸ் கேட்டது. அவசர உற்பத்தியில் அலசும் நேரம் குறைந்தது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. போதாததற்கு உள்ளே தூவிய சோளமாவுப் பவுடர் புரதத்தை ஏந்திக் காற்றில் பறந்தது. கிளவுஸ் போடாதவருக்கும் மூச்சு முட்டியது. பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா தடை செய்தது 2017 ஜனவரியில்தான்.

பழியை முழுக்க என் உடம்பின் மீது போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பாதியை அந்த அலசும் தொட்டிக்குத் தள்ளிவிட்டேன். இந்த அலர்ஜியை அடியோடு போக்க மருந்து இல்லை. கிளவுஸை மாற்ற முடியும். சூப்பர்வைசரிடம் கேட்டு நைட்ரைல் கிளவுஸ் வாங்கிக்கொண்டேன். அது செயற்கை ரப்பர், மரத்தின் புரதம் கிடையாது. பல் டாக்டரிடம் வாய் திறக்கும் முன்பே அலர்ஜியைச் சொல்லிவிடுகிறேன். அட்ரினலின் ஊசி எந்த ஆஸ்பத்திரியில் எந்நேரமும் இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களில் யாருக்காவது இந்தத் தொந்தரவு இருந்தால், பெட்டியில் ‘பவுடர் இல்லாதது’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதுவும் லேட்டக்ஸாக இருக்கலாம்; எதில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.