ரோஸ்மில்க் ஆயிலும் மூணாவது பெடலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட மேட்டர் இது. எங்க வீட்டு ஆட்டோமேட்டிக் காரை கியர் வண்டியா மாத்தின கதை. யாராவது இதே யோசனையில இருந்தா உதவும்.

2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் எங்க மாவட்டத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல மழை. தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துருச்சு. மீனாட்சிபுரத்துல எங்க வீட்டுக்கு முன்னாடி நின்ன கார், சீட்டு வரைக்கும் ரெண்டு நாள் தண்ணியில கிடந்துச்சு. பழைய வண்டிக்கு எதுக்கு வீண் செலவுன்னு தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான் போட்டிருந்தேன். (திட்டிக்கோங்க, வாங்கிக்கிறேன்.)

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம அப்படியே தச்சநல்லூர் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனோம். எஞ்சின் ஆயில் மாத்தி, வயரிங் காயவெச்சு, ஒரு வாரத்துல எஞ்சின் தப்பிச்சுருச்சு. ஆனா கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கின மெக்கானிக் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பா இருக்க வேண்டிய ஆயில், ரோஸ்மில்க் கலர்ல வடியுது.

"தண்ணி உள்ள போயிருக்கு தம்பி. பிளேட்டெல்லாம் பசை வெச்சு ஒட்டினது பாத்துக்கிடுங்க. ஊறிட்டா உரிஞ்சு வந்துரும்."

அவர் சொன்ன மாதிரியேதான் ஆச்சு. ஆயில் மாத்தி ஓட்டிப் பார்த்தோம். மூணாம் நாள் 'டி'யில போட்டா எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகரலை.

இந்த வண்டியை ஏன் வாங்கினோம்னு சொல்லணும். எங்கப்பாவுக்கு இடது முழங்கால் தேஞ்சு போச்சு. கிளட்ச் மிதிக்க முடியாது. வலது கால் மட்டும் போதும்னுதான் தேடிப் பிடிச்சு செகண்ட் ஹேண்ட்ல ஆட்டோமேட்டிக் வாங்கினோம். வெள்ளிக்கிழமையானா அம்மாவை உக்கார வெச்சு நெல்லையப்பர் கோயிலுக்கு அவரே ஓட்டிட்டுப் போவார். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்கிறதுல அவருக்கு அவ்வளவு பெருமை.

2014ல செலேரியோவுல ஏ.எம்.டி. வந்த பிறகுதான் சின்ன கார்ல ஆட்டோமேட்டிக் நம்ம பக்கம் சகஜமாச்சு. அது சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் மட்டும் மெஷின் பாத்துக்கும். எங்களுது அதுக்கு முந்தின டார்க் கன்வெர்ட்டர் வகை. பழுது பார்க்க 85,000 கேட்டாங்க. புதுப்பேட்டையில பழைய பாக்ஸ் ஒண்ணு 55,000க்கு இருந்துச்சு, கேரண்டி கிடையாது. அண்ணாச்சிதான் மூணாவது வழி சொன்னார்: அதே மாடல்ல கியர் வண்டி நிறைய ஓடுது, அந்தச் சாமானைப் போட்டுரலாம்.

நான் வீட்டுல தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "எனக்காகப் பாக்காத. கைல இருக்க துட்டுக்கு என்ன முடியுமோ அதைச் செய்யி"ன்னார். அவ்வளவுதான்.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல எழும்பூர் இறங்கி, நேரா புதுப்பேட்டை. மொத்தக் கணக்கு இது:

கியர்பாக்ஸ், ரெண்டு ஆக்ஸில் – 14,000
பிளைவீல் – 2,500
புது கிளட்ச் செட் – 4,500
பெடல், கேபிள், கியர் லிவர் – 3,500
எஞ்சின் கம்ப்யூட்டர் – 4,000
கூலி – 8,000
ஆயில், சில்லறை – 1,500
ஆக மொத்தம் 38,000.

கியர்பாக்ஸ் மட்டும் வாங்கினா போதும்னு நினைக்காதீங்க. ஆட்டோமேட்டிக்ல பிளைவீல் கிடையாது, மெல்லிசா ஒரு தகடுதான் இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டர் வேற மாதிரி. பழசையே விட்டா கியர்பாக்ஸ் சிக்னலைத் தேடிக்கிட்டு லைட்டை எரியவிடும். 'பி', 'என்'ல இருந்தாத்தான் செல்ஃப் எடுக்கும்னு ஒரு ஒயர் இருக்கு, அதையும் மாத்தணும். ரேடியேட்டர்ல ஆயில் போற ரெண்டு குழாயை அடைக்கணும். முடிஞ்சா, இடிச்ச வண்டி ஒண்ணை முழுசா வாங்கி எல்லாத்தையும் அதுலேருந்தே கழட்டுறது நல்லது.

ஆறு நாள் வேலை. முதல் ஓட்டமா நானும் அப்பாவும் சேரன்மகாதேவி வழியா பாபநாசம் கிளம்பினோம். வண்டி சும்மா பறக்குது. கல்லிடைக்குறிச்சியில டீ குடிச்சுட்டு வந்தா, அப்பா டிரைவர் சீட்ல உக்காந்திருக்கார்.

நான் ஒண்ணும் சொல்லலை. இடது காலைத் தூக்கி கிளட்ச் மேல வெச்சார். பாதி அமுங்குச்சு. முகம் சுருங்கிருச்சு. இன்னொரு தடவை முயற்சி பண்ணிட்டு, கதவைப் பிடிச்சு மெதுவா இறங்கினார்.

"வண்டி நல்லாத்தான்லே இருக்கு. எனக்குத்தான் கியர்பாக்ஸ் மாத்தணும் போல"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். பாபநாசம் போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டு பேரும் எதுவும் பேசலை.

இப்ப வெள்ளிக்கிழமை நான் ஊர்ல இருந்தா கார், இல்லைன்னா ஆட்டோ. அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனா யாராவது "மாத்தலாமா?"ன்னு என்கிட்ட கேட்டா, விலையைச் சொல்றதுக்கு முன்னாடி "வண்டியை யார் ஓட்டுவாங்க?"ன்னுதான் கேக்குறேன். நான் அதை லேட்டாத்தான் கேட்டேன். இன்னும் ஆறு மாசம் பொறுத்து, சீட்டுப் பணம் எடுத்து 85,000த்தைக் கட்டியிருக்கலாம்.

டிஸ்கி: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா, கம்பெனி குடுத்த அமைப்பை நாமளா மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லியிருக்கு. நாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் கேட்டு, இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் தெரிவிச்ச பிறகுதான் ஸ்பேனரையே எடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்க.