ஓர் எழுத்து செய்த வேலை

டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றி ஹாஸ்யம் பேசாதவர் யார்? "எழுதியவருக்குக்கூடப் புரியாது, மருந்துக் கடைக்காரருக்குத்தான் புரியும்" என்று என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். எழுத்து புரியாவிட்டாலும் மருந்து கிடைத்துவிடும். ஆனால், ஒரே ஓர் எழுத்து இல்லாத காரணத்தால் நோயாளி வெறுங்கையோடு திரும்ப நேருமா? அமெரிக்காவில் சுமார் இருபது வருஷம் அப்படி நேர்ந்தது. 'எக்ஸ்' என்பது அந்த எழுத்து.

1996-ல் 'ஆக்ஸிகாண்டின்' என்ற வலி மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்தது. அபின் வம்சத்தைச் சேர்ந்தது. ஆனாலும், இது மனிதனை அடிமையாக்கும் அபாயம் குறைவு என்று சொல்லி விற்றார்கள். அப்படிச் சொன்னது தவறு என்று 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள், முதுகு வலி என்று டாக்டரிடம் போன எத்தனையோ குடும்பஸ்தர்கள், மாத்திரை இல்லாமல் ஒரு நாளும் தள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்டார்கள். மாத்திரை கிடைக்காதபோது சிலர் ஹெராயினைத் தேடிப் போனார்கள். பிறகு, அதைவிடக் கொடிய ஃபென்டனில் கள்ளச் சந்தையில் புகுந்தது.

இதற்குச் சிகிச்சை இல்லாமல் இல்லை. 'புப்ரெநார்ஃபின்' என்று ஒரு மருந்து உண்டு. அபின் மூளையில் எங்கே போய் உட்காருமோ, அதே இடத்தில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பாதி வேலைதான் செய்யும். உடம்பின் தவிப்பு அடங்கும். மூச்சை நிறுத்திவிடும் அபாயமோ மிகக் குறைவு. மனிதன் எழுந்து குளித்து, வேலைக்குப் போய், குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். 2002-ல் இதை அடிமைப் பழக்கத்துக்கு மருந்தாக அந்நாட்டு சர்க்கார் அங்கீகரித்தது.

ஆனால் யார் எழுதிக் கொடுக்கலாம்? 2000-ம் வருஷத்துச் சட்டப்படி, டாக்டர் 8 மணி நேரம் தனிப் பயிற்சி பெற வேண்டும். சர்க்காரிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி எண் 'எக்ஸ்' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். அப்போதும் ஒரே சமயத்தில் 30 பேருக்கு மேல் சிகிச்சை தரக் கூடாது. பின்னால் அது சிலருக்கு 100 ஆயிற்று. 2016-ல் 275 ஆயிற்று. முப்பத்தோராவது ஆள் வந்து நின்றால், "அப்புறம் வாருங்கள்" என்பதைத் தவிர அந்த டாக்டருக்கு வழியில்லை.

சரி, ஆளை அடிமையாக்கிய வலி மாத்திரையை எழுத என்ன நிபந்தனை? இந்த 8 மணி நேரமும் கிடையாது. தலை எண்ணும் கணக்கும் கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலுக்கு இரட்டைப் பூட்டுப் போட்ட கதைதான்!

சட்டம் செய்தவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அபின் வகைகளைக் கட்டுப்படுத்த 1914-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பழக்கப்பட்டவன் தவிக்காமல் இருப்பதற்காக மட்டும் அதை எழுதிக் கொடுப்பது வைத்தியமே அல்ல என்று 1919-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. டாக்டர்கள் பயந்து ஒதுங்கினார்கள். 1960-களில் டாக்டர் மேரி நிஸ்வாண்டர் என்ற பெண்மணியும் டாக்டர் வின்சென்ட் டோலும் நியூயார்க்கில் 'மெத்தடோன்' கொடுத்து, இதற்கும் வைத்தியம் உண்டு என்று காட்டினார்கள். ஆனால் அந்த மருந்து தனி நிலையங்களில்தான் கிடைக்கும். பலர் தினமும் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. அதனோடு ஒப்பிட்டால் 2000-ம் வருஷத்துச் சட்டம் தாராளமானதுதான். சாதாரண டாக்டர் தம் அறையிலேயே இந்த வைத்தியம் செய்ய முதல் முதலாக இடம் கொடுத்தது அதுவே. சந்தேகம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

சந்தேகத்துக்குக் காரணமே இல்லையா? உண்டு. பிரான்சில் 1996 முதல் எந்த டாக்டரும் இதை எழுதலாம் என்று விட்டார்கள். சிலர் மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டதும் உண்மை. ஆனால் சில வருஷங்களுக்குள் அங்கே போதை மருந்து மிஞ்சிப்போய் ஏற்படும் மரணங்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

என்னோடு காலேஜில் படித்த சிநேகிதி ஒருத்தி அமெரிக்காவில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் வந்திருந்தபோது சொன்னாள்: "டெலிபோனில் தாயார்கள் கேட்பார்கள், 'அந்த மருந்து உங்களிடம் இருக்கிறதா?' என்று. மருந்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாதாம். சர்க்கரை வியாதி மருந்துக்கு யாராவது ரகசியம் பேசுவார்களா, சொல்லு?"

2021-ல் மட்டும் போதை மருந்து மிஞ்சி அந்நாட்டில் லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். முக்கால்வாசிக்கு அபின் வகைகளே காரணம். 2022 டிசம்பர் கடைசியில் கையெழுத்தான சட்டம் 'எக்ஸை' எடுத்துவிட்டது; தலைக்கணக்கும் போயிற்று. இத்தகைய மருந்துகளை எழுதும் டாக்டர்கள் அநேகமாக எல்லாருமே அடிமைப் பழக்கத்தைப் பற்றி 8 மணி நேரம் படிக்க வேண்டும் என்று 2023 ஜூனில் விதி வந்தது. வலி மாத்திரை எழுதுகிறவரும் படிக்க வேண்டும்! கட்டுப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இருக்க வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் அது வந்திருக்கிறது.

ஆனால் விந்தையைக் கேளுங்கள். எழுத்துப் போன பின் மருந்து எழுதும் டாக்டர்கள் பெருகினார்கள். மருந்து பெறும் நோயாளிகள் அவ்வளவாகப் பெருகவில்லை. சில கடைகளில் மருந்து இருப்பதில்லை. சில டாக்டர்கள், "இந்த மாதிரி ஆட்கள் நம் வாசலுக்கு வேண்டாம்" என்று நினைக்கிறார்கள். வீட்டிலோ, "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா? மனசு வைத்தால் விட முடியாதா?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைத்தான் நாம் யோசிக்க வேண்டும். வியாதிக்காரனிடம் மனசு வை என்று சொல்வது சுலபம். மனசு வைப்பதற்கு முதலில் அவன் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? எழுத்தைச் சட்டம் எடுத்துவிட்டது. தாயார் குரலைத் தாழ்த்தாமல் மருந்து கேட்கும்படி செய்வது, டாக்டரும் அண்டை வீட்டாரும் சொந்தக்காரர்களும் செய்ய வேண்டிய காரியம்.