ஜெபவேளைக்கென்று ஒரு ரேடியோ

காலை ஜெபத்துக்குப் போன் ஆகாது என்பது என் கட்சி. வேதாகமம், பாமாலை, கீர்த்தனை, அன்றன்றைக்குரிய தியானம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் சங்கீதத்தின் நடுவில் ஒரு செய்தி மேலே வந்து எட்டிப் பார்த்தால் கண் அங்கே போகிறது. கண்ணின் பின்னாலேயே மனசும் போய்விடுகிறது. அதுவுமல்லாமல் போன் ஓர் ஆளுக்கான கருவி. குடும்ப ஜெபம் என்பது நாலு பேர் கூடி உட்காருவது. இதற்காகவே எங்கள் வீட்டு ஹாலில் தனியாக ஓர் இன்டர்நெட் ரேடியோ வைத்திருக்கிறோம். வைஃபையில் ஓடுகிற பெட்டி. உலகத்து நிலையங்கள் ஆயிரக்கணக்கில் அதில் வரும். நாங்கள் கேட்பது காலையில் அரைமணி, ராத்திரி படுக்கும் முன் கால்மணி.

ரேடியோ முன் உட்கார்ந்து ஜெபிப்பது தெற்கத்திக் கிறிஸ்தவர்களுக்குப் புதிய பழக்கமல்ல. இலங்கையில் புத்தளத்திலிருந்து மத்திய அலையில், 882 கிலோஹெர்ட்ஸில், டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ வரும். இடையில் கடல்தான் என்பதால் தூத்துக்குடிப் பக்கம் கணீரென்று கேட்கும். சிற்றலையைப் பிடிப்பதுதான் பாடு. ஃபீபா நிலையம் 1970 முதல் செஷல்ஸ் தீவிலிருந்து ஒலிபரப்பியது. அதன் ஆன்டெனாக் கோபுரங்கள் கரையோரப் பவளத்திட்டின் மேல், கடலுக்குள்ளேயே நின்றன. மணிலாவிலிருந்து வேரித்தாஸ், ரோமிலிருந்து வத்திக்கான் வானொலி. அப்பா முள்ளை மெல்ல நகர்த்தி நிலையத்தைப் பிடித்துவிட்டு, திருகிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே வைத்திருப்பார். எடுத்தால் சத்தம் மங்கும். பிரசங்கத்தில் பாதி கரகரப்பில் போய்விடும். அதிகாரமும் வசன எண்ணும் காதில் விழுந்தால் போதும், வேதப்புத்தகத்தைத் திறந்து நாங்களே வாசித்துக்கொள்வோம்.

ஃபீபாவின் செஷல்ஸ் சிற்றலை 2003ல் நின்றது. வேரித்தாஸ் 2018ல் சிற்றலையை விட்டுவிட்டு இணையத்துக்கு மாறியது. செலவைப் பார்த்தால் அவர்களுக்கும் வேறு வழியில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வயதானவர்கள் கையில் இருந்த பெட்டிக்கு நிலையம் எட்டாமல் போயிற்று. பேரப்பிள்ளை வந்து போனில் ஆப் ஏற்றிக் கொடுத்தால் கேட்பார்கள். பேரப்பிள்ளை ஊருக்குத் திரும்பியபின் எந்தப் படத்தைத் தொடுவது, தவறித் தொட்டால் எப்படி வெளியே வருவது என்று தெரியாது. யாருக்காக இந்த ஒலிபரப்பு முக்கியமோ அவர்களே வெளியே நின்றுவிட்டார்கள். எனக்கு இது பெரிய குறை.

ஏனென்றால் ரேடியோ ஜெபம் என்பதே அவர்களுக்காகப் பிறந்தது. பிபிசியில் தினசரி ஆராதனை 1928 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தது ஒரு பெண்மணியின் விடாமுயற்சி. கேத்லீன் கார்டோ என்பவர், நோயில் கிடப்பவர்களுக்கும் தனிமையில் இருப்பவர்களுக்கும் தினமும் ஒரு சிறு ஆராதனை வேண்டும் என்று ஓயாமல் கடிதம் எழுதினார். கோயிலுக்கு நடந்து போக முடிகிறவர்கள் கேட்டு வாங்கியது அல்ல அது.

எங்கள் வீட்டில் அந்த ஆள் பெரியம்மா. கிளாக்கோமாவில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பெரிய எழுத்து வேதாகமமும் உதவவில்லை. ரேடியோவை வாங்கும்போது நான் பார்த்த முதல் விஷயம், மேலே தனித்தனியாக அழுத்தும் பொத்தான்கள் இருக்கிறதா என்பது. தொடுதிரை அவருக்குச் சுவர் மாதிரி. முதல் பொத்தானில் நிலையத்தைப் பதிந்து, அதன் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். சொரசொரப்பை விரலால் தடவிப் பார்த்து அழுத்துவார். நாங்கள் எழுந்திருக்குமுன் அவரே போட்டு வைத்திருப்பார். முன்னிசை ஓடும்போது ஒவ்வொருவராக வந்து உட்காருவோம்.

கடைக்காரர்கள் பேஸைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச்சைக் கேட்க அது வேண்டாத சுமை. பேஸ் மிகுந்தால் மெய்யெழுத்துகள் அமுங்கி, வாசிப்பவர் தொண்டைக்குள்ளேயே பேசுவது போலிருக்கும். காது மந்தமானவர்களுக்கு இன்னும் சிரமம். பேஸைக் குறைத்து, டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கும். இன்னொன்று கரண்டு. கரண்டு போனால் ரூட்டரும் போகும். திரும்ப வந்ததும் ரூட்டர் விழித்துக்கொள்ளச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் சில பெட்டிகள் தேடிப் பார்த்துவிட்டு, இணைப்பு இல்லை என்று திரையில் எழுதிக்கொண்டு நின்றுவிடும். பெரியம்மாவால் அந்த எழுத்தை வாசிக்க முடியாது. தானாகவே மறுபடி இணைந்து, விட்ட நிலையத்திலேயே பாட ஆரம்பிக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். ரூட்டருக்கென்றே விற்கிற சின்ன யுபிஎஸ் ஒன்றும் வாங்கினோம். டேட்டா பெரிய கவலை இல்லை: 64 கிலோபிட்டில் அரைமணி ஜெபம் கேட்டால் 15 எம்பிகூட ஆகாது.

பதிவு செய்து வைத்ததை நினைத்த நேரத்தில் கேட்கலாமே, நேரடி நிலையம் எதற்கு என்று என் மகன் கேட்டான். நினைத்த நேரத்தில் கேட்கலாம் என்று வைத்ததை நாங்கள் நினைத்ததே இல்லை. அது நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போயிற்று. தானியேல் மூன்று வேளை ஜெபித்தான் என்றால் அவனுக்கு மூன்று வேளை என்று ஒன்று இருந்தது. வேளை வந்ததும் நாம் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். நம் சௌகரியத்துக்காக அது காத்திருப்பதில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர் அதே ஜெபத்தில் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் பதிவில் கிடைக்காது.

அதே நொடியில் அல்ல, அது உண்மை. இன்டர்நெட் ரேடியோ நெட் தடுமாறினாலும் சத்தம் அறுந்துவிடாதபடி கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துக்கொண்டுதான் பாடும். அந்தச் சேர்ப்பு ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு அளவு. துபாயில் இருக்கும் அத்தையும் இதே நிலையத்தைத்தான் கேட்கிறாள். முடிந்ததும் பெரியம்மா போன் போடச் சொல்வார். "உங்களுக்கு முடிஞ்சிட்டாக்கா? எனக்கு ஐயர் இன்னும் ஆசீர்வாதம் சொல்லிட்டிருக்காரு, இருங்க" என்று அத்தை தாழ்ந்த குரலில் சொல்வாள். இவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அங்கே சொல்லும் ஆசீர்வாதத்தையும் கேட்டு, இரண்டாம் முறை ஆமென் சொல்வார்.

இந்தப் பெட்டிகளில் ஒரு பலவீனம் உண்டு. நிலையங்களின் பட்டியல் பெட்டிக்குள் இல்லை. வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. 2021ல் ரெசிவா என்ற பட்டியல் சேவையை மூடியபோது, அதை நம்பியிருந்த பழைய ரேடியோக்கள் பல, நல்ல நிலையில் இருந்தும் நிலையங்களைத் தேடித் தர முடியாமல் போயின. நிலையத்தின் முகவரியை நாமே எழுதிச் சேர்க்க வழி இருக்கிறதா, புளூடூத்தும் பென்டிரைவும் எடுக்குமா என்று பார்த்து வாங்குவது நல்லது.

நிலையத்தாரின் பாட்டையும் சொல்ல வேண்டும். கோபுரத்திலிருந்து ஒலிபரப்பினால் பத்துப் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் ஒரே செலவு. இணையத்தில் ஒவ்வொரு செவிக்கும் தனித்தனியாக டேட்டா அனுப்ப வேண்டும்; கேட்பவர்கள் கூடக் கூடச் செலவும் கூடும். ஓர் அறையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஊழியங்கள் இதில் திணறுவதை அறிவேன். பெரியம்மா தன் பென்ஷனில் மாதாமாதம் ஒரு தொகையை உறையில் போட்டுத் தருகிறார்; நான் அதை நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.

சித்தப்பாவுக்கும் ஒரு பெட்டி வாங்க வேண்டும். பக்கவாதம் வந்து நாசரேத்தில் கட்டிலோடு இருக்கிறார். அந்த வீட்டில் வைஃபை கிடையாது என்பதால் சிம் போடுகிற சின்ன ரூட்டரும் சேர்த்து வாங்க வேண்டும். அவருக்கு இடது கைதான் வேலை செய்கிறது. கட்டிலின் இடப்பக்கம் ஒரு ஸ்டூல் போடச் சொல்லியிருக்கிறேன்.