அத்தியட்சர் அசரியாவுக்குப் பண்பொழியிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஐயா அவர்களுக்கு,

தாங்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் தங்களுக்குச் சொல்லவேண்டிய நன்றி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சபையாரும் கேட்கட்டும் என்றே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

பண்பொழி, திருமலை முருகன் கோவிலால் பெயர்பெற்ற ஊர். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் இங்கே சிலர்தான். அந்தச் சிலருக்குள்ளும் பல சபைகள். "எல்லாரும் ஒரே ஏசுவைத்தானே கும்பிடுறீங்க, அப்புறம் எதுக்கு இத்தனை சபை?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். 1927இல் லோசானில் நடந்த திருச்சபை ஐக்கிய மாநாட்டில் தாங்கள் மேல்நாட்டாரிடம் முறையிட்டதும் இதைத்தான். உங்கள் நாடுகளில் பிரிவினை வெறும் பலவீனமாக இருக்கலாம், எங்கள் மண்ணில் அது பாவம், இடறல் என்றீர்கள். வெள்ளாளன்விளையில் குருவானவர் வீட்டில் பிறந்து வளர்ந்த தங்களுக்கு அது நேரில் கண்ட வேதனை.

இந்தப் பிரிவினையைத் தீர்க்க, அதற்கு முன்பே 1919 மே மாதம் தாங்களும் மற்றவர்களும் தரங்கம்பாடியில் கூடினீர்கள். கூடியவர்களில் இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து, ஒரே திருச்சபையாக வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். பின்னர் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்த விருப்பம் நிறைவேற 28 ஆண்டுகள் பிடித்தன. அத்தனை ஆண்டு தாமதத்துக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன், ஐயா. சண்டை வேண்டாம் என்று கொள்கைகளை ஓரங்கட்டியிருந்தால் சீக்கிரமே முடித்திருக்கலாம். தாங்கள் அப்படிச் செய்யவில்லை. அத்தியட்சர் ஊழியம் அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்த ஈவு, அதை விடமுடியாது என்றது ஒரு பக்கம். அத்தியட்சர் கை வைக்காததால் எங்கள் குருமாரின் ஊழியம் செல்லாதா என்றது மறுபக்கம். இரண்டுமே மனச்சாட்சியிலிருந்து வந்த பேச்சு.

கிடைத்த தீர்வு இதுதான்: இனிமேல் குருப்பட்டம் அத்தியட்சர்களே கொடுப்பார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களை மறுபட்டம் இல்லாமல் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். எந்தச் சபைமீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரைத் திணிக்கமாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். இதை நான் சாமர்த்தியமான பேரமாகப் பார்க்கவில்லை. எதிரில் இருப்பவரின் ஊழியத்திலும் ஆவியானவர் செயல்பட்டிருக்கிறார் என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு தாழ்மை வேண்டும்!

1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காணத் தாங்கள் இல்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதியே புறப்பட்டுவிட்டீர்கள். தங்கள் தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்துக்குள் இருந்த நந்தியால் ஆங்கிலிக்கன் மக்களே அன்று சேர மறுத்தார்கள். லுத்தரன் சபைகளும் தனியாகவே நின்றன. அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். மனம் ஒப்பாமல் கைகோத்திருந்தால் அந்த ஐக்கியத்துக்கு என்ன மதிப்பு?

தங்களிடம் நான் அதிகம் நேசிப்பது 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் ஆற்றிய உரையை. தங்களை வரவழைத்த மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே, எல்லாம் கொடுத்தீர்கள், சிநேகத்தை மட்டும் கொடுக்கவில்லை என்றீர்கள். பலருக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தும் கோபித்துக்கொண்டு தனிச்சபை தொடங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனீர்கள். உண்மையையும் சொன்னீர்கள், உறவையும் விடவில்லை.

இன்று எங்களுக்குள் நடப்பது நேர்மாறு. உண்மையைச் சொல்பவரைச் சபையைப் பிரிக்கிறவர் என்கிறோம். திருமண்டலத் தேர்தல் வந்தால் சாதிக் கணக்குப் போடுகிறோம், முடிந்ததும் நீதிமன்றம் போகிறோம். ஒரே திருவிருந்தில் கை நீட்டியவர்கள் சம்பந்தம் பேச சாதி பார்க்கிறார்கள். இதைப் பேசாமல் காக்கும் அமைதியை ஐக்கியம் என்று எப்படி அழைப்பது?

தென்காசிச் சீமையின் சபையாரே, குருமாரே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். வரும் செப்டம்பர் 27 ஆராதனைக்குப் பின், பக்கத்துச் சபையாரையும் அழைத்து உட்காருங்கள். நம்மைப் பிரிப்பது உபதேசமா, சாதியா, பதவியா என்று ஒளிக்காமல் பேசுங்கள். உபதேசம் என்றால் 28 ஆண்டுகள் ஆனாலும் பொறுமையாகப் பேசுவோம். மற்ற இரண்டும் என்றால் அன்றைக்கே மனந்திரும்புவோம்.


பண்பொழியிலிருந்து ஒரு சபை அங்கத்தினர்