கட்டத்துக்குள் வந்த யானை

ஆரணியில் எங்கள் தெருப் பிள்ளைகளின் கோடை விளையாட்டு விழாவுக்கு, போட்டிக்கு ஒன்றாக விலங்குச் சின்னங்கள் வரைந்திருந்தேன். எந்த ஊருக்கும் பொருந்துகிற மொழுமொழு பொம்மைகள். மனசு ஒட்டவில்லை.

2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு வந்த 'தம்பி' நினைவிருக்கிறதா? வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற குதிரை. பார்த்ததுமே நம்ம வீட்டுப் பையன்! அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கிக்கு 'பொம்மன்' யானை.

நம்ம ஊர் விலங்குகள் எங்கே என்று தேடினால், அம்மாவின் பட்டுப்புடவைக் கரையிலேயே இருந்தன: அன்னம், மயில், யானை, யாளி. ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடும் கட்டத்தாளை எடுத்தேன். அதில் வளைவே கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் பாவு இழையைத் தூக்குவதா, விடுவதா என்பது மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். மயிலின் கழுத்து படிப்படியாக இறங்கியது. யானைக்குக் கண் வைக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை.

"கண்ணை வரையாதேம்மா, ஒரு கட்டத்தை நிரப்பாம விடு" என்றார் அப்பா.

விட்டேன். யானை என்னைப் பார்த்தது.

இப்போது கயிறு இழுக்கும் போட்டிக்கு யானை, கோலத்துக்கு மயில், சாக்கு ஓட்டத்துக்கு யாளி. நேற்று எதிர்வீட்டுக் குழந்தை யாளியைத் தடவிப் பார்த்து, "இது எங்க பாட்டி புடவையில இருக்கு" என்றாள்.